செத்துப்போன பாடகர் குரல்ல புதுப் பாட்டு: ட்ராக் பாடினவன் யாருன்னு கேட்டா ஏன் கோவம் வருது?

ட்ராக்_தங்கராசு:
நேத்து ஒருத்தர் வீராவேசமா எழுதியிருந்தார். “இனிமே பாடகர்னு ஒருத்தரே வேண்டாம், லால் சலாம்ல ‘திமிரி எழுடா’ பாட்டை ஏ.ஐ.யே பாடிருச்சு, செத்துப்போன பம்பா பாக்யாவும் சாகுல் ஹமீதும் இல்லாமலே அவங்க குரல்ல பாட்டு ரெடி”ன்னு. கீழ ஆளாளுக்குக் கைதட்டு. வயிறு எரியுதுங்க. மிஷின் தானா உக்காந்து பாடுறதில்ல. இந்த மாதிரி வேலையில ஒரு ஆள் மைக் முன்னாடி நின்னு பல்லவி சரணம் முழுசும் பாடணும், அதுக்குப் பேருதான் ட்ராக், அந்தப் பதிவை எடுத்துதான் குரலோட நிறத்தை மட்டும் மாத்துறாங்க. இழுப்பு, குழைவு, எங்க மூச்சு விடணும், எந்த எழுத்துல அழுத்தணும் எல்லாமே அந்த ஆளோடது. அந்த ஆள் யாரு? இங்க எத்தனை பேருக்கு அந்தப் பேரு தெரியும்? இதுக்குப் பதில் சொல்லுங்க, வேற பேச்சு வேண்டாம்.

உசிலம்பட்டி_ரசிகன்:
அண்ணே, சாகுல் ஹமீது போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளோட கடைசியில. ‘ராசாத்தி என் உசுரு’ கேட்டு வளந்தவன் நான், வாத்தியத்தை நம்பாம குரலையும் கோரஸையும் மட்டும் நம்பி போட்ட பாட்டு அது, அந்தக் குரல் 2024ல புதுசா ஸ்பீக்கர்ல வந்தப்ப உடம்பு சிலிர்த்துப்போச்சு. படத்துக்கு மியூசிக் போட்ட ரஹ்மான் ரெண்டு குடும்பத்துக்கிட்டயும் அனுமதி வாங்கி, தகுந்த சம்பளமும் அனுப்பினதா வெளிப்படையாவே சொன்னார். அப்புறம் உங்களுக்கு என்ன? ட்ராக் யாரு பாடினா என்ன? எனக்குக் கேட்டது சாகுல் குரல்.

ட்ராக்_தங்கராசு:
குடும்பத்துக்குப் பணம் போனதை நான் குறை சொல்லவே இல்லையே தம்பி. சந்தோஷம். பாடினவன் பேரு என்னன்னு கேட்டேன்.

நியூரல்_நந்தினி:
“நிறத்தை மட்டும்” மாத்துறாங்கன்னு சொல்றது சரியில்ல சார். நான் இந்த வேலைதான் பாக்கறேன். ட்ராக்ல இருந்து சுருதி ஏற்ற இறக்கம், எழுத்துகள், நேரம் மூணையும் ஏ.ஐ. மாடல் எடுத்துக்கும், ஆனா மூக்கொலி, கரகரப்பு, மெய்யெழுத்து தெறிக்கிற விதம் இதையெல்லாம் பழைய ரெக்கார்டிங்ல இருந்து கத்துக்கிட்டு கொண்டுவரும். 2023ல வந்த ஆர்.வி.சி.ன்ற குரல் மாத்தற ஓப்பன் சோர்ஸ் கருவிக்கு சுத்தமான குரல் 10 நிமிஷம் போல இருந்தாலே போதும்னு அதைச் செஞ்சவங்களே சொல்றாங்க. அந்த 10 நிமிஷத்துல இருக்கறது ஒரு மனுஷனோட தொண்டை. அதைப் போய் பெயிண்ட் மாதிரி பேசாதீங்க.

ட்ராக்_தங்கராசு:
சரி மேடம். மூச்சு யாரோடது?

நியூரல்_நந்தினி:
மூச்சு விடற இடம் ட்ராக் பாடினவரோடதுதான். ஆனா

ட்ராக்_தங்கராசு:
ஆனாவும் வேண்டாம் ஆவன்னாவும் வேண்டாம். மூச்சு அவரோடது, தாளம் அவரோடது, சங்கதி அவரோடது. பேரு மட்டும் அவரோடது இல்ல.

ராஜா_காலம்:
இதுக்குத்தான் சொல்றது, எங்க ஆளு இளையராஜா நோட்ஸ் எழுதி அம்பது பேரை உக்கார வெச்சு வாசிக்க வெச்சார். கம்ப்யூட்டரை நம்பி மியூசிக் போட்டா கடைசில பொணத்தைத்தான் பாட வைக்கணும்.

உசிலம்பட்டி_ரசிகன்:
வந்துட்டார்யா. கோட் படத்துல ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டுக்கு பவதாரிணி குரலை ஏ.ஐ.ல கொண்டுவந்தது யாரு? உங்க ஆளு வீட்டுப் பையன் யுவன்தானே?

ராஜா_காலம்:
வாயை அடக்கிப் பேசுங்க. அது அவரோட சொந்த அக்கா. 2024 ஜனவரி 25ல அவங்க போனாங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் பாட வைக்கலாம்னு நினைச்ச பாட்டு அது. ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’க்கு தேசிய விருது வாங்கின குரல். தம்பி அக்கா குரலைக் கேக்க ஆசைப்பட்டதை சினிமா வியாபாரத்தோட சேர்க்காதீங்க.

உசிலம்பட்டி_ரசிகன்:
விஜய் படப் பாட்டு வியாபாரம் இல்லையா? நீங்க செஞ்சா பாசம், நாங்க செஞ்சா பொணமா?

ட்ராக்_தங்கராசு:
சண்டையில ஒரு விஷயத்தைக் கோட்டை விட்டுட்டீங்க. அந்தப் பாட்டு வந்தப்ப யுவன் எழுதின பதிவுல, குரல் குடுத்ததுக்கு பிரியங்கான்னு பேரைச் சொல்லி நன்றி சொன்னார். ஒரு வரிதான். குடி முழுகிப் போச்சா? பாட்டு கெட்டுப் போச்சா? ‘மனசிலாயோ’ எடுத்துக்கோங்க. மலேசியா வாசுதேவன் 2011ல போனவர். 2024ல அவர் குரல்ல வேட்டையனுக்குப் பாட்டு வந்துச்சு. பாடினவங்க பட்டியல்ல அவர் மகன் யுகேந்திரன் பேரும் இருக்கு. இதைத்தான் கேக்கறேன். செய்ய முடியாத காரியம் ஒண்ணும் இல்ல.

உசிலம்பட்டி_ரசிகன்:
யுகேந்திரன் மகன், அதனால பேரு. அவரே பெரிய பாடகர் வேற. ட்ராக் பாடற எல்லாருக்கும் பேரு போட்டா டைட்டில் கார்டு ஓடி முடிக்க இன்டர்வல் வந்துரும்.

ட்ராக்_தங்கராசு:
இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. நீங்க ட்ராக் ரூம் பாத்திருக்கீங்களா? நான் சொல்றேன் கேளுங்க. ஏ.சி. சத்தம் மைக்ல ஏறும்னு ஏ.சி.யை அணைச்சிருவாங்க. ஹெட்போன் ஒரு காதுல, இன்னொரு காது தொறந்து. “பழைய ஆள் மாதிரி தொண்டையை அடைச்சு, நெஞ்சுல இருந்து எடுங்க”ம்பாங்க. ரிவெர்ப், அதான் எதிரொலி, ஒரு சொட்டு கூடாது, ரிவெர்ப் ஏறின டேக்கை மாடல்ல விட்டா குரல் குழறும். மூச்சு கொஞ்சம் சத்தமா விட்டா மாத்தினதுக்கு அப்புறம் அந்த இடத்துல கரகரன்னு கேக்கும், திரும்பப் பாடணும். அந்தாளு பாடற ழகரம் எப்படி, சரணத்துல அவர் எங்க பின்தங்குவார்னு கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணி, தன்னோட குரலை ஒழிச்சுக்கிட்டுப் பாடணும். ஒரு பெரிய மியூசிக் டைரக்டருக்கு நான் ட்ராக் பாடினேன், பேர் சொல்ல மாட்டேன், ஹம்மிங் ஃபைனல் மிக்ஸ்ல என்னோடதேதான் இருக்கு, கார்டுல நான் இல்ல. அப்பவாச்சும் என் குரல் பாட்டுல இருந்துச்சு, கேக்கறவங்க காதுல விழுந்துச்சு. இப்ப அதையும் உருவிட்டாங்க. பல்லக்குல போறவரைக் கும்பிடுங்க, நானும் கும்பிடறேன், தூக்கறவன் பேரைக் கேட்டா ஏன் அடிக்க வரீங்க?

வக்கீல்_கண்மணி:
ஒரு நிமிஷம். எல்லாரும் குடும்ப அனுமதி, குடும்ப அனுமதிங்கறீங்க. ஜெயலலிதா வாழ்க்கைப் படம் சம்பந்தமா அவரோட அண்ணன் மகள் தீபா போட்ட வழக்குல சென்னை உயர்நீதிமன்றம் 2021ல என்ன சொல்லிச்சு? ஒருத்தர் உயிரோட இருக்கையில சம்பாதிச்ச அந்தரங்க உரிமையும் பேரும் அவரோடயே முடிஞ்சு போகும், வாரிசுக்கு வராதுன்னு. பம்பாய் நீதிமன்றம் 2024ல இந்திப் பாடகர் அரிஜித் சிங் குரலை ஏ.ஐ.ல காப்பியடிக்கக் கூடாதுன்னு சொன்னது அவர் உயிரோட இருக்கறதால. எஸ்.பி.பி. குரலை அனுமதி இல்லாம பயன்படுத்தினதா ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் சரண் 2024ல நோட்டீஸ் விட்டாரே, அவர் நியாயம் புரியுது, ஆனா நம்ம சட்டத்துல இறந்தவர் குரலுக்குன்னு தெளிவா ஒரு பிரிவும் கிடையாது. ரஹ்மான் அனுமதி கேட்டது அவரோட நல்ல மனசு. அதேசமயம், பதிப்புரிமைச் சட்டத்தோட 2012 திருத்தத்துல வந்த 38பி பிரிவுப்படி ஒரு நிகழ்த்துக் கலைஞருக்குத் தன்னை அடையாளம் காட்டச் சொல்லிக் கேக்கற உரிமை உண்டு. உயிரோட இருக்கற ட்ராக் பாடகர் தாராளமா இதைக் கேக்கலாம். செத்தவரை விட அவருக்குத்தான் சட்டத்துல பிடிமானம் ஜாஸ்தி.

ட்ராக்_தங்கராசு:
கேட்டுக்கோங்க எல்லாரும்! 38பி! பேரு என்ன?

வக்கீல்_கண்மணி:
சார், அந்தப் பிரிவுல விதிவிலக்கும் இருக்கு, பயன்படுத்தற விதத்தைப் பொறுத்து பேரை விடலாம்னு. முழுசா படிங்க.

ட்ராக்_தங்கராசு:
விதிவிலக்கை அவங்க படிக்கட்டும். நான் பிரிவைப் படிக்கறேன்.

உசிலம்பட்டி_ரசிகன்:
சட்டத்தை வெச்சு ரசனையைக் கெடுக்காதீங்க. இங்கிலாந்து பேண்ட் பீட்டில்ஸோட ‘நவ் அண்ட் தென்’ 2023ல வந்துச்சு, அதுல பாடின லெனன் செத்தது 1980ல. அதுக்கு கிராமியே குடுத்தாங்க. வெள்ளைக்காரன் செஞ்சா கலை, ரஹ்மான் செஞ்சா குத்தமா?

நியூரல்_நந்தினி:
ரெண்டையும் கலக்காதீங்க ப்ரோ. எழுபதுகள்ல லெனன் வீட்டுல பியானோவோட கேசட்ல பாடி வெச்சது அது. அந்தக் கேசட்டை அவர் மனைவி யோகோ ஓனோ 1994ல பேண்ட்ல மத்தவங்ககிட்ட குடுத்தாங்க, அப்ப பியானோ சத்தத்துல இருந்து குரலைப் பிரிச்செடுக்க முடியல. சினிமா டைரக்டர் பீட்டர் ஜாக்சன் டீம் செஞ்ச மென்பொருள்தான் பின்னாடி பிரிச்சுக் குடுத்துச்சு. அதுல புதுசா யாரும் லெனனுக்காகப் பாடல.

ட்ராக்_தங்கராசு:
அதாவது லெனனுக்கு லெனனே பாடினார். பேரும் லெனன் பேரு. கணக்கு சரி. நம்ம கணக்கு எங்க?

உசிலம்பட்டி_ரசிகன்:
கணக்கு கணக்குன்னு இதையே எத்தனை வாட்டி சொல்லுவீங்க? சாகுல் பாடினதுல ‘உசிலம்பட்டி பெண்குட்டி’ தவிர நாலு பாட்டு இன்னிக்குப் பசங்களுக்குத் தெரியாது. ‘மாரி மழை பெய்யாதோ’ யாரு பாடினதுன்னு கேளுங்க, முழிப்பானுங்க. இந்த ஒரு பாட்டால அவர் பேரைத் தேடிப் பழசெல்லாம் கேக்கறாங்க. அது உங்களுக்குப் பெருசா தெரியல, உங்க கார்டுதான் பெருசு.

ட்ராக்_தங்கராசு:
மாரி மழை பெய்யாதோ எனக்கே பாடம் எடுக்கறீங்களா? உழவன் படம் வந்தப்ப அந்த கேசட் தேய்ஞ்சு போற அளவுக்கு கேட்டவன்யா நான். சாகுல் மேல உங்களுக்கு இருக்கற பாசம் எனக்கும் இருக்கு. அந்தப் பாசத்தோடதான் சொல்றேன், அவரே நாளைக்கு வந்து கேட்டா “எனக்காகப் பாடினது யாருப்பா”ன்னுதான் முதல்ல கேப்பார்.

ராஜா_காலம்:
செத்தவர் என்ன கேப்பார்னு இவருக்குத் தெரியுமாம்.

உசிலம்பட்டி_ரசிகன்:
முதல் தடவையா ராஜா ரசிகர் சொல்றதை ஒத்துக்கறேன்.

ராஜா_காலம்:
நீங்க ஒத்துக்கிட்டா நான் சொன்னதுல ஏதோ தப்பு இருக்கு.

நியூரல்_நந்தினி:
நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. மெய்யெழுத்தும் கரகரப்பும் பாக்யாவோடதா இருந்தா அதுக்கு என்ன மதிப்பு? ‘புள்ளினங்காள்’ பாட்டுல அந்த அடிக்குரல் ஒண்ணுதானே நம்மளை உலுக்குச்சு?

ட்ராக்_தங்கராசு:
மதிப்பு உண்டு மேடம், குடும்பத்துக்குப் போயாச்சு. மத்தவனுக்கு எங்க போச்சு? தனியா ஒரு பதிவு போடறேன், ட்ராக் பாடறவங்க யார் யாருன்னு அவங்களே வந்து எழுதட்டும்.

உசிலம்பட்டி_ரசிகன்:
போடுங்க. அங்கயும் வந்து இதையேதான் சொல்லுவேன்.