கேமில் பழகியவர் வேறு ஆப்புக்குக் கூப்பிடுகிறார். டேப்லெட்டைப் பிடுங்கிவிடலாமா?

கயல்_அம்மா:
மகளுக்கு 11 வயது. ஒரு ஆன்லைன் கேமில் பழகிய ஒருவரை "அண்ணா" என்பாள். நேற்று அவளே சாட்டைக் கொண்டுவந்து காட்டினாள். காயின், புது உடை என்று கேமுக்குள் நிறைய பரிசு கொடுத்திருக்கிறார். அசிங்கமாக ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியில், "இங்கே டைப் பண்ணா பாதி ஸ்டார் ஸ்டாரா வருது, இந்த ஆப்புக்கு வா. அம்மாகிட்ட சொல்லாதே, அவங்களுக்குப் புரியாது" என்று இருக்கிறது. வயது 14 என்று சொல்லியிருக்கிறார். டேப்லெட்டைப் பிடுங்கி அலமாரியில் பூட்டு என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஆளிடம் நானே பேசிப் பார்க்கட்டுமா?

வகுப்பறை_ஜன்னல்:
பேசவே வேண்டாம் கயல். உஷாராகி, வேறு பெயரில் வருவார். முதலில் யூசர் பெயர், புரொஃபைல், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் கேமுக்குள்ளேயே ரிப்போர்ட், கடைசியாகத்தான் பிளாக். முதலிலேயே பிளாக் செய்தால் சில இடங்களில் சாட்டே கண்ணில் படாமல் போய்விடும்.

அந்த ஸ்டார்கள் கேம்காரர்கள் வைத்திருக்கும் வடிகட்டி. போன் நம்பர், கெட்ட வார்த்தை எல்லாம் அதில் மாட்டும். வடிகட்டி இல்லாத, போட்டோவும் வீடியோ காலும் இருக்கிற இடத்துக்குத்தான் அழைப்பு. பரிசு, ரகசியம், வேறு ஆப் மூன்றும் சேர்ந்து வந்தால் எதிரில் இருப்பவருக்கு 14 வயதா 40 வயதா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

போட்டோ ஏதாவது போயிருக்கிறதா என்று மட்டும் குரலை உயர்த்தாமல் கேளுங்கள். அந்தரங்கப் படம் போயிருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் குறியீடு மட்டும் உங்கள் போனிலேயே உருவாகி, இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். அதை வைத்து அவர்கள் படத்தைத் தேடி நீக்குவார்கள். மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், நேராகப் போலீஸ்.

பழைய_மானிட்டர்:
நாங்கள் பிடுங்கித்தான் வைத்தோம். இன்றுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

வகுப்பறை_ஜன்னல்:
வரவில்லையா சார், உங்களிடம் சொல்லவில்லையா? காட்டியதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த தடவை எந்தப் பிள்ளை காட்டும்?

ரவுட்டர்_கிறுக்கன்:
கேம் கணக்கில் பிறந்த ஆண்டு என்ன என்று பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டத்தால்தான் பெரும்பாலான ஆப்கள் 13 வயது என்று கோடு போட்டிருக்கின்றன. சேர்வதற்காகப் பொய்யான ஆண்டு போட்டிருந்தால் கேம் பிள்ளையைப் பெரியவராகவே நடத்தும், குழந்தைகளுக்கான சாட் கட்டுப்பாடு எதுவும் வராது.

ஆண்ட்ராய்டு என்றால் ஃபேமிலி லிங்க், ஆப்பிள் என்றால் ஸ்கிரீன் டைம் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியில், புது ஆப் இறக்க உங்கள் அனுமதி வேண்டும் என்று வைத்துவிடுங்கள். ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) என்ற இடத்தில் 1.1.1.3 போட்டால் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் அடைபடும். ஆனால் கேமுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. மொபைல் டேட்டாவில் போனால் அதுவும் இல்லை. அதைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

கயல்_அம்மா:
பார்த்தேன். 2001 என்று இருக்கிறது! கணக்கு திறந்து கொடுத்த அவளுடைய அத்தை மகன் போட்டது. மாற்ற முடியவில்லை, சரியான வயதில் புதுக் கணக்கு திறக்கிறோம். போட்டோ எதுவும் போகவில்லை. பள்ளிக்கூடம் பெயர் கேட்டிருக்கிறார், இவள் சொல்லவில்லையாம். ரிப்போர்ட், பிளாக் இரண்டும் முடிந்தது. இப்போது வேறு ஒன்று. "அந்த அண்ணா கொடுத்த காயினைத் திருப்பிக் கொடுக்கணுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வகுப்பறை_ஜன்னல்:
வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாங்கிவிட்டோமே, கடன்பட்டுவிட்டோமே என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும் என்றுதான் அதைக் கொடுப்பதே. திருப்பிக் கொடுக்கப் போனால் மறுபடி அவரிடம் பேச வேண்டிவரும். பழைய கணக்கோடு காயினும் போகட்டும்.