மேப்பிளுக்குச் 'சாறு' வேண்டாம், 'மரநீர்' எனலாமா?

நண்பர்களே,

மேப்பிள் மரத்தில் துளையிட்டு எடுக்கும் நீருக்கு (maple sap) தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், 'மேப்பிள் சாறு' என்றே போட்டுவிடலாம், வேரிலிருந்து நீர் மேலேறுவதற்குப் பாடநூலிலும் 'சாறேற்றம்' என்றுதானே இருக்கிறது என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். தாவரவியலுக்கு அது சரி. ஆனால் சாறு என்றதும் எனக்குக் கரும்பாலைதான் கண்ணில் வருகிறது. பிழிந்தால்தான் சாறு. இங்கே யாரும் எதையும் பிழிவதில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் எங்கள் சம்பந்திக்குச் சின்னப் பண்ணை. சர்க்கரை மேப்பிள் முப்பது மரம் இருக்கும். மார்ச்சில் இரவு உறைந்து பகலில் இளகும் நாட்களில் குடும்பமே அங்கே போய்விடுவோம். இடுப்பு உயரத்தில் 5 செ.மீ. ஆழத்துக்குத் துளை போட்டு, சிறு குழாயைத் தட்டிச் செருகி, வாளியை மாட்ட வேண்டியதுதான். காலி வாளியில் முதல் சொட்டு 'டிங்' என்று விழும். பேரன் அதுவரை பொறுக்கமாட்டான், குழாய்க்கு அடியிலேயே நாக்கை நீட்டுவான். கிட்டத்தட்ட தண்ணீர்தான், சர்க்கரை 2 விழுக்காடு அளவே. காலையில் வாளியில் மிதக்கும் பனிக்கட்டியைச் சம்பந்தி எடுத்து வீசிவிடுவார். உறைவது பெரும்பாலும் வெறும் நீர், இனிப்பு உறையாத மிச்சத்தில் தங்கிவிடும்.

'பால்' என்றால் ரப்பர் நினைவு வரும், வெள்ளையும்கூட. பதநீருக்கு எங்கள் கொங்குப் பக்கத்தில் சொல்லும் 'தெளுவு' மீது எனக்கு ஆசைதான். ஆனால் அது பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது. இங்கே பாளையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, புளிக்காமல் காப்பது குளிர் ஒன்றுதான்.

ஆகவே மரநீர். இளநீர், பதநீர் பக்கத்தில் உறுத்தாமல் உட்கார்ந்துகொள்ளும். மரம் ஏறாததால் 'இறக்குதல்' பொருந்தாது. 'மரநீர் வடித்தல்' எனலாம். சோறு வடிப்பதுபோல் இருக்கிறதே என்பீர்கள், இருக்கட்டும். அந்தக் குழாய்க்குத் 'தூம்பு'. ஏரித் தூம்பு நமக்குப் பழகியதுதானே.

காய்ச்சியபின் வருவதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், பாகு. சுமார் 40 லிட்டர் மரநீருக்கு 1 லிட்டர் பாகு. நீரின் கொதிநிலையைவிட 4 பாகை செல்சியஸ் ஏறியதும் சம்பந்தி அடுப்பிலிருந்து எடுத்துவிடுவார். கம்பிப் பதத்துக்கு முந்திய அந்த நிலைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று உங்களைக் கேட்பதற்காகத் தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "குலாப் ஜாமூனுக்கு வைக்கிற பிசுக்குப் பதம்தானே இது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.