சதுரங்கத்தில் நல்ல நிலையில் இருக்கும்போது தாக்கியே ஆக வேண்டும் என்ற துடிப்பை எப்படி அடக்குவது?

வெள்ளைக்காய்:
நேற்று ஆடிய ஆட்டம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நான் வெள்ளை, 14-வது நகர்வு. சி ஃபைல் (செங்குத்து வரிசை) சிப்பாய் இல்லாமல் திறந்து கிடக்கிறது. எதிராளியின் டி5 சிப்பாய் துணையில்லாமல் தனியே நிற்கிறது. அவருடைய ராணி பி6-க்குப் போய்விட்டதால் ராஜா பக்கம் காலியாகத் தெரிந்தது. கடிகாரத்தில் 40 நிமிடம் மிச்சம் இருந்தும், ஒரே நிமிடத்தில் டி3 பிஷப்பால் எச்7-ஐ வெட்டி செக் வைத்தேன். ராஜா வெட்டியது. குதிரை ஜி5-ல் செக், ராஜா ஜி8, என் ராணி எச்5. அடுத்தது மேட் என்று நினைத்தேன். டி7-ல் இருந்த அவருடைய குதிரை எஃப்6-க்கு வந்தது. எச்7-ஐயும் காத்தது, என் ராணியையும் தாக்கியது. அதோடு தாக்குதல் முடிந்தது. இது முதல் முறை இல்லை.

பின்வரிசை:
உங்கள் தாக்குதலில் இருந்தது ராணியும் ஒரு குதிரையும்தான். ஏ1 யானையும் சி1 பிஷப்பும் எங்கே? எச்7-ல் பிஷப்பைப் பலிகொடுக்கும் இந்த உத்தி பெரும்பாலும் பலிப்பது வெள்ளைச் சிப்பாய் இ5-ல் இருக்கும்போது. எதிராளியின் குதிரை எஃப்6-க்கு வர முடியாதபடி அது தடுக்கும். உங்களிடம் அந்தச் சிப்பாய் இல்லையே.

சாய்வுக்கோடு:
எனக்கும் பல வருடம் இதே பாடுதான். "மேலே இருக்கிறேன், ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை" என்ற அந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்து. கை தானாகப் போய்விடும்.

என்னை மாற்றியது 1974 நீஸ் சதுரங்க ஒலிம்பியாடில் ரஷ்ய வீரர் கார்போவ் வெள்ளையாக, ஜெர்மானிய வீரர் உன்ட்சிகருடன் ஆடிய ஆட்டம். ஏ ஃபைலில் யானைகள் எதிரெதிரே நின்றன. வெட்டிக்கொண்டால் கறுப்புக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கார்போவ் 24-வது நகர்வில் பிஷப்பை ஏ7-ல் கொண்டுபோய் வைத்து வழியை அடைத்தார். அதன் பின்னால் தன் யானைகளை அடுக்கினார். ராஜா பக்கத்தில் சிப்பாயை எஃப்4-க்குத் தள்ளியது 30-வது நகர்வில்தான். 44-வது நகர்வில் உன்ட்சிகர் விட்டுக்கொடுத்தார். ஆட்டம் முடியும்வரை அந்த பிஷப் ஏ7-ஐ விட்டு நகரவேயில்லை! பலகையில் காய்களை வைத்து ஒவ்வொரு நகர்வாக ஆடிப் பாருங்கள், அவசரமே இல்லாத ஆட்டம்.

அதற்கப்புறம் துடிப்பு வரும்போதெல்லாம் இரண்டு கேள்வி கேட்பேன். என் காய்களில் எது சும்மா இருக்கிறது? எதிராளி அடுத்து என்ன செய்ய நினைக்கிறார்?

எண்கட்டம்:
கொஞ்சம் மாறுபடுகிறேன். மேலோங்கியவர் தாக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த அனுகூலம் கைநழுவும் என்று கற்றுத் தந்தவர் முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ். அது எந்த வகை அனுகூலம் என்று பார்க்க வேண்டும். எதிராளி இன்னும் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) செய்யவில்லை, காய்கள் வெளியே வரவில்லை என்றால் தாமதித்தால் போய்விடும், உடனே தாக்க வேண்டியதுதான். தனித்து நிற்கும் டி5 சிப்பாய் எங்கே ஓடப்போகிறது? அது பத்து நகர்வு கழித்தும் பலவீனம்தான்.

வெள்ளைக்காய்:
ராத்திரி பலகையில் வைத்துப் பார்த்தேன். அவருடைய டி7 குதிரை சி5-க்கு வந்து என் டி3 பிஷப்பைத் தாக்கக் காத்திருந்திருக்கிறது. ஆட்டத்தில் அதை நான் யோசிக்கவே இல்லை. எஃப்3 குதிரையை டி4-ல் உட்காரவைத்து, பிஷப்பை டி2-க்கும் யானையை சி1-க்கும் கொண்டுவந்திருக்கலாம். அவர் குதிரை சி5 வந்தால் என் பிஷப் பி1-க்குப் பின்வாங்கும். அங்கிருந்தும் அது எச்7-ஐப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.