ஜீன் செட்: மரபணுக் கணம் எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

ஜீன் செட் (gene set) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘மரபணுத் தொகுப்பு’ எனலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜீனோமை மரபணுத்தொகை, மரபணுத்தொகுதி என்று எழுதிப் பழகிவிட்டோமே. ஜீனோம் ஓர் உயிரின் மொத்த மரபுச் செய்தி. ஜீன் செட் அப்படியல்ல. ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து ஈடுபடும் மரபணுக்களின் பட்டியல். அதில் இருபதும் இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் தடுமாறிப்போவார்.

என் பரிந்துரை ‘மரபணுக் கணம்’. பள்ளிக் கணக்கில் படித்த அதே கணம்தான். உறுப்பு, சேர்ப்பு, வெட்டு, உட்கணம் எல்லாம் அதோடு கூடவே வந்துவிடும். மரபணுத் தரவு ஆய்வில் அன்றாடம் தேவைப்படுவதும் அவைதான். இத்தகைய கணங்களைத் திரட்டி வைக்கும் எம்சிக்டிபி (MSigDB) தரவுத்தளம் 2005-இல் 1,325 கணங்களோடு தொடங்கியது. கணங்கள் பெருகப் பெருக, அதே மரபணுக்கள் வேறு வேறு தலைப்புகளில் திரும்பத் திரும்ப வந்தன. ஆய்வில் மேலே நிற்கும் பத்து முடிவுகள் பத்துப் பெயரில் ஒரே செய்தியைச் சொல்லும். 2015-இல் 4,000-க்கும் மேற்பட்ட கணங்களை ஒப்பிட்டு, ஒருமித்து இயங்காத மரபணுக்களைக் களைந்து, ‘ஹால்மார்க்’ என்ற பெயரில் 50 கணங்களாகச் சுருக்கினார்கள். ‘வெட்டு’ (கணங்களுக்குப் பொதுவான உறுப்புகள்) என்ற சொல் கையில் இருந்தால் இதை இரண்டு வரியில் விளக்கிவிடலாம்.

கணம் என்றால் நொடி என்றும் பொருள்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். முன்னால் ‘மரபணு’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. பூதகணம் என்றால் யாரும் நொடியை நினைப்பதில்லையே. இலங்கைப் பாடநூல்களில் கணக்கில் வரும் கணத்தைத் ‘தொடை’ என்பார்கள். தொடுக்கப்பட்டது என்ற பொருளில் அதுவும் அழகான சொல், இணைச்சொல்லாக இருக்கட்டும்.

அப்புறம், ஒரு மரபணு ஒரு நோய்க்குக் காரணம் என்பதற்கான சான்றை எடை போட்டுப் படி தருவதற்குச் சிலர் சொல்லும் ‘தரப்படுத்தல்’. இது வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன். 1970-களில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த, தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்றாக்கிய முறையின் பெயர் அது. அங்குள்ள தமிழர் காதில் இன்றும் வலியோடுதான் ஒலிக்கும். பொருளும் பொருந்தவில்லை. இங்கே தரம் பார்ப்பது மரபணுவுக்கு அல்ல, அது நோயோடு தொடர்புடையது என்பதற்கான சான்றுக்கு.

புருகாடா நோய்க்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று உயிரையே பறிக்கக்கூடியது. அதற்குக் காரணம் என்று 21 மரபணுக்கள் சோதனைப் பட்டியல்களில் இருந்தன. 2018-இல், மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மதிப்பிடும் க்ளின்ஜென் (ClinGen) குழு சான்றுகளைத் திரும்ப எடை போட்டபோது எஸ்சிஎன்5ஏ (SCN5A) என்ற மரபணு ஒன்றுதான் தேறியது. மற்ற 20-க்கும் சான்று போதவில்லை. அந்தப் பட்டியலை நம்பி ஒரு குடும்பத்திடம் ‘உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும்!

ஆகவே ‘சான்றுநிலை’ என்போம். படிகள்: உறுதி, வலு, நடுத்தரம், குறைவு, ஐயம், மறுப்பு. கடைசி இரண்டையும் தயவுசெய்து ஒன்றாக்க வேண்டாம். ஐயத்தில் இருப்பது நாளை மேலேறவும் கூடும்.

தரவுகளை ஆராய்ந்து, தேர்ந்து, சேர்த்து வைக்கும் கியூரேஷனுக்குத்தான் (curation) எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘பராமரிப்பு’ போதாது. ‘ஆய்ந்து தொகுத்தல்’ பொருளில் சரி, ஆனால் அதைச் செய்பவரை எப்படி அழைப்பது? சங்க நூல்களுக்குத் தொகுத்தார், தொகுப்பித்தார் என்கிறோமே, அதிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா?