ரூம் லைட்டுக்கு எல்இடி போட்டேன், இப்போது பழைய பல்பும் எரியவில்லை. அவசரம்!

மேகமலை12 | ஞாயிறு, மாலை 5:52

வணக்கம். காரில் மேலே இருக்கும் ரூம் லைட் மங்கலாக இருக்கிறதே என்று எல்இடி வாங்கிப் போட்டேன். எரியவில்லை. சரி போகட்டும் என்று பழைய பல்பையே திரும்ப மாட்டினேன், அதுவும் எரியவில்லை. காலையில்கூட எரிந்த பல்பு. லைட் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் வேலை பார்த்தேன், அதனால் ஷாக், ஷார்ட் எதுவும் ஆகியிருக்காது. விடிகாலை 4 மணிக்குக் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்புகிறோம். இருட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரூம் லைட் இல்லாமல் முடியாது. யாராவது சொல்லுங்கள்.

ஆணியடிக்காதே | 5:58

என்ன மாடல்?

மேகமலை12 | 5:59

2012 மாடல்.

ஆணியடிக்காதே | 6:00

வருஷம் சரி. வண்டி எது?

தகரடப்பா | 6:03

ஃபியூஸ் போயிருக்கும்.

மேகமலை12 | 6:06

இல்லை அண்ணா, பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கம்பி அறுபடவில்லை, கண்ணாடியும் கறுக்கவில்லை. பல்பு நல்ல பல்புதான்.

மல்டிமீட்டர்மாமா | 6:11

வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். வண்டிப் பெயர் கிடையாது, எந்த வகைப் பல்பு என்று கிடையாது, "அவசரம்" மட்டும் இருக்கும். டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? எல்இடி என்பது டயோடு, தம்பி. கரண்ட் ஒரு பக்கமாகத்தான் பாயும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தது. திருப்பிப் போடுங்கள், எரியும்.

மேகமலை12 | 6:14

திருப்பியும் போட்டுப் பார்த்துவிட்டேன் சார். அப்படியே வைத்துக்கொண்டாலும் பழைய பல்பு டயோடு இல்லையே, அது ஏன் எரியவில்லை?

நாலாவதுகியர் | 6:17

எல்இடி எத்தனை மில்லிமீட்டர்? குழாய் மாதிரி, இரண்டு முனையிலும் கூம்பு மூடி வைத்த பல்புதானே உங்களுடையது? அது 31, 36, 39, 41 என்று பல நீளத்தில் வருகிறது. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார், நம்பக் கூடாது. 36 இருக்கும் இடத்தில் 31 போட்டால் கிளிப்பில் சும்மா தொங்கும், தொடவே தொடாது. 31 இருக்கும் இடத்தில் 36-ஐ அழுத்தினால் கிளிப் விரிந்துவிடும், அப்புறம் பழைய பல்பும் லூஸாக நிற்கும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது என்பது என் கணிப்பு. மூக்கு நீண்ட குறடு இருந்தால் கிளிப்பைக் கொஞ்சம் உள்ளே வளைத்துப் பாருங்கள்.

பச்சைஒயர் | 6:20

பத்துக்கு ஒன்பது தடவை எர்த்துதான், அதாவது கரண்ட் வண்டியின் உடம்புத் தகடு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம். ரூம் லைட்டுக்கு எர்த் வருவது கதவுச் சட்டத்தில் இருக்கும் ரப்பர் பொத்தான் வழியாக. மழைத் தண்ணீர் இறங்கி அது துருப்பிடித்திருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாள் வைத்துத் தேயுங்கள். நாலு கதவையும் பாருங்கள். டிக்கியையும் விடாதீர்கள்.

நாலாவதுகியர் | 6:22

காலையில் எரிந்தது, மாலையில் எரியவில்லை. பகலுக்குள் நாலு கதவும் சேர்ந்து துருப்பிடித்துவிட்டதாக்கும்?

பச்சைஒயர் | 6:23

எர்த் போவதற்கு நாள் நட்சத்திரம் பார்க்காது.

மழைக்காலம் | 6:25

பல்பைக் கையால் தொட்டீர்களா? விரல் எண்ணெய் கண்ணாடியில் பட்டால் போய்விடும். துணி வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஆணியடிக்காதே | 6:27

அது ஹெட்லைட் ஹாலஜன் பல்புக்குச் சொல்வது. இந்த 5 வாட் பல்பை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம், சூடு ஆறியிருந்தால் போதும். அப்புறம், மேகமலை, வண்டி என்ன வண்டி என்று கேட்டிருந்தேன்.

மேகமலை12 | 6:31

வெள்ளை வண்டி. பெட்ரோல்.

கிளிப்பை வளைத்துப் பார்த்தேன், பல்பு இறுக்கமாகத்தான் நிற்கிறது. கதவுப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சுவிட்சில் மூன்று நிலை இருக்கிறது, மூன்றிலும் எரியவில்லை. எல்இடி பாக்கெட்டில் 6000 கெல்வின் என்று போட்டிருக்கிறது, ஒருவேளை அதிகமோ? வண்டி தாங்கவில்லையோ?

சீனிச்சோளம் | 6:34

கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம். வண்டி தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 3000 என்றால் மஞ்சள், 6000 என்றால் நீலம் கலந்த வெள்ளை. ஆனால் காருக்குள் எதற்கு 6000? ஏறி உட்கார்ந்தால் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி முன்னால் நிற்பதுபோல இருக்கும்.

ஜில்ஜில் | 6:36

மஞ்சள் வெளிச்சத்தில் சீட்டுக்கு அடியில் விழுந்த காதுத் தோட்டைத் தேடியிருக்கிறீர்களா? நாங்கள் தேடியிருக்கிறோம், ஒரு மணி நேரம். வெள்ளைதான் வேண்டும்.

சீனிச்சோளம் | 6:38

தோடு தேட டார்ச் இருக்கிறது. இரவில் ஓட்டும்போது பின்சீட்டில் யாராவது அந்த லைட்டைப் போட்டால் முன்கண்ணாடி முழுக்க உங்கள் சட்டைதான் தெரியும், ரோடு தெரியாது. அணைத்த பிறகும் கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். மஞ்சளில் அந்தத் தொல்லை குறைவு.

டாப்கியர்தங்கம் | 6:41

எல்இடி போட்டால் மைலேஜும் கொஞ்சம் ஏறும் நண்பர்களே. பேட்டரி லோடு குறைகிறது அல்லவா.

ஆணியடிக்காதே | 6:43

ஒரு குதிரைத்திறன் 746 வாட். நீங்கள் மிச்சம் பிடிப்பது 4 வாட். கணக்கைப் போட்டுவிட்டு வாருங்கள்.

ஜில்ஜில் | 6:46

மைலேஜ் ஏறாதுதான், ஆனால் பேட்டரிக்கு லாபம் இல்லாமல் இல்லை. எங்கள் அண்ணன் ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு மூன்று நாள் வெளியூர் போனார், ரூம் லைட்டை அணைக்க மறந்துவிட்டார். 10 வாட் பல்பு 0.8 ஆம்பியர் குடிக்கும். 72 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 60 ஆம்பியர்-மணி. பேட்டரியே 35தான். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூடச் சத்தம் வரவில்லை. ஒரு வாட் எல்இடியாக இருந்திருந்தால் வண்டி கிளம்பியிருக்கும்.

சீனிச்சோளம் | 6:48

லைட்டை அணைத்திருந்தாலும் கிளம்பியிருக்கும்.

மேகமலை12 | 6:52

ஐயா, கலரைப் பற்றி அப்புறம் பேசலாம். இங்கே எந்தக் கலரும் எரியவில்லை. இருட்டிவிட்டது, போன் வெளிச்சத்தில் நிற்கிறேன். பாட்டு கேட்டுக்கொண்டே பார்க்கலாம் என்றால் செட்டும் இன்றைக்கென்று மக்கர் பண்ணுகிறது. அதுவும் பழசு, அதை விடுங்கள்.

தகரடப்பா | 6:54

அதை ஏன் விடுவது? செட் என்ன பண்ணுகிறது? கடிகாரம் ஓடுகிறதா? ரிமோட்டை அமுக்கினால் கதவு பூட்டுகிறதா? பல்பை எதை வைத்து நெம்பினீர்கள்?

மேகமலை12 | 6:59

செட் ஆன் ஆகவில்லை. கடிகாரமும் அதிலேயேதான் வரும், அதுவும் இல்லை. ரிமோட்டில் பூட்டவில்லை, பேட்டரி தீர்ந்திருக்கும் என்று சாவி போட்டுப் பூட்டினேன். பல்பை சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். ஒரு சின்னப் பொறி வந்தது, ஆனால் சுவிட்ச் ஆஃப்பில்தான் இருந்தது.

தகரடப்பா | 7:06

அந்தப் பொறியை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். ஃபியூஸ் போயிருக்கும் என்று 6:03-க்கே எழுதினேன். பல்பு ஃபியூஸ் போனதைச் சொல்லவில்லை. வண்டி ஃபியூஸ்.

வீட்டில் சுவிட்ச் போட்டு அணைத்தால் பல்புக்கு வரும் கரண்ட் நின்றுவிடும். காரில் பல வண்டிகளில் அப்படி இல்லை. பல்பின் ஒரு முனைக்குப் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், சாவியை எடுத்தாலும். சுவிட்சும் கதவுப் பொத்தானும் மறுமுனையில், எர்த் பக்கத்தில்தான் இருக்கும். நீங்கள் ஆஃப் செய்தது எர்த்தை மட்டும். அந்த நேரத்தில் ஸ்க்ரூ டிரைவர் ஒரு பக்கம் உயிரோடு இருக்கும் கிளிப்பையும் இன்னொரு பக்கம் கூரைத் தகட்டையோ லைட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவையோ தொட்டால் நேரே ஷார்ட். ஒரு பொறி, அத்தோடு ஃபியூஸ் காலி. அதே ஃபியூஸில்தான் பல வண்டிகளில் செட்டின் நினைவு, கடிகாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் தொங்கும். உங்களுக்கு மூன்றும் சேர்ந்து போயிருக்கிறது, வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஸ்டீயரிங் பக்கத்தில் டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கத்திலோ மேனுவலிலோ எந்த ஃபியூஸ் எதற்கு என்று போட்டிருக்கும். 'டோம்', 'ரூம் லேம்ப்' அல்லது 'ரேடியோ' என்று தேடுங்கள். உருவிப் பார்த்தால் நடுவில் வளைந்த கம்பி அறுந்திருக்கும். உருவுவதற்கு வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் கிடுக்கி பெட்டியிலேயே செருகியிருப்பார்கள். இன்னொரு முறை ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம்.

பச்சைஒயர் | 7:09

எர்த் பக்கம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைத்தான் நானும் சொன்னேன்.

தகரடப்பா | 7:10

நீங்கள் சொன்னது துரு.

மேகமலை12 | 7:31

கிடைத்தது!! கம்பி அறுந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர்ஸ் கடை எதுவும் திறக்கவில்லை. பெட்டி மூடியிலேயே உபரியாக ஒரு ஃபியூஸ் இருந்தது, அதைப் போட்டேன். செட் பாடுகிறது, ரிமோட் வேலை செய்கிறது, பழைய பல்பு எரிகிறது. எல்இடி மட்டும் 31 மில்லி, என் இடத்துக்குச் சின்னது, தொங்குகிறது. நாலாவதுகியர் அண்ணன் சொன்னதும் சரிதான். எல்லாருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

மல்டிமீட்டர்மாமா | 7:34

ஒரு நிமிஷம். போன ஃபியூஸ் என்ன நிறம், போட்ட ஃபியூஸ் என்ன நிறம்?

மேகமலை12 | 7:36

போனது நீலம். போட்டது மஞ்சள். அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

மல்டிமீட்டர்மாமா | 7:41

அளவு உட்காரத்தான் செய்யும், எல்லாம் ஒரே அளவு. நிறம்தான் எண். பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். தலையிலேயே எண் அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. 15-க்கு ஏற்ற ஒயரில் 20 போட்டிருக்கிறீர்கள். அடுத்த தடவை ஷார்ட் ஆனால் ஃபியூஸ் தாக்குப்பிடிக்கும், கூரைத் துணிக்கு உள்ளே ஒயர் உருகும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 4 மணிக்குக் கிளம்பும் வண்டி. எடுங்கள் அதை.

கடை இல்லை என்று சொல்ல வேண்டாம். சிகரெட் லைட்டர் ஓட்டைக்குப் பெரும்பாலும் 15தான் இருக்கும். எண்ணைப் பார்த்து, 15 என்றால் அதை உருவி இங்கே போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். மஞ்சளை அங்கே செருகக் கூடாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நாலாவதுகியர் | 7:44

மாமா டயோடை விட்டுவிட்டு ஃபியூஸுக்கு வந்துவிட்டார். ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு. கேளுங்கள்.

சீனிச்சோளம் | 7:47

திரும்பி வந்து 36 மில்லி எல்இடி வாங்கும்போது 4000 கெல்வினுக்கு மேலே போகாதீர்கள். இன்னொன்று, சில வண்டிகளில் கதவைச் சாத்திய பிறகும் எல்இடி மின்மினிப்பூச்சி மாதிரி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். லைட்டை மெல்ல அணைக்கும் சர்க்யூட்டிலிருந்து கசியும் துளி கரண்ட் அதற்குப் போதும், பழைய பல்புக்குப் போதாது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம்.

ஜில்ஜில் | 7:49

அதற்கு 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பல்புக்கு இணையாக வைத்தால் நின்றுவிடும். வெள்ளை என்றாலும் நிற்கும், மஞ்சள் என்றாலும் நிற்கும்.

மல்டிமீட்டர்மாமா | 9:15

மேகமலை? மாற்றினீர்களா இல்லையா?

மல்டிமீட்டர்மாமா | திங்கள், காலை 3:40

தம்பி, கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மேகமலை12 | திங்கள், காலை 10:25

மன்னிக்கணும் சார், அப்போதே மாற்றிவிட்டேன், நீலம்தான் இருக்கிறது. நல்லபடியாக வந்து சேர்ந்தோம். லைட், செட் எல்லாம் சரி. ஆனால் வழியெல்லாம் போன் சார்ஜ் ஏறவில்லை. சார்ஜரை நாலு தடவை கழற்றி மாட்டிவிட்டேன். இது எல்இடியால் வந்ததா?

ஆணியடிக்காதே | 10:27

வண்டி என்ன வண்டி?

தகரடப்பா | 10:28

சார்ஜரை எந்த ஓட்டையில் செருகினீர்கள்?