சொரியாசிஸ் மருந்து ஆய்வில் தம்பியைச் சேர்க்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
தம்பிக்குச் சில வருடமாகச் சொரியாசிஸ். முழங்கை, முதுகு, இப்போது உள்ளங்கையும். கொலுசுப் பட்டறையில் கம்பி இழுக்கிற கை, வெடித்து ரத்தம் கசிகிறது. மெத்தோட்ரெக்ஸேட் ஓரளவு கேட்கிறது, முழுசாக அடங்கவில்லை. புது ஊசி ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அம்மா ஒரே பிடிவாதம், "சோதனை எலியாக்க என் பிள்ளைதான் கிடைச்சானா" என்று. தம்பியோ காசில்லாமல் ஊசி கிடைக்குமே என்கிறான். யாராவது சேர்ந்திருக்கிறீர்களா?

ஏற்காட்டுக்காரர்:
சேர்ந்தேன். எலிக் கதையை விடுங்க, எனக்குக் கஷ்டம் ஊசிக்கு முந்தின வாரங்கள்தான். பழைய மருந்து உடம்பில் இருக்கக் கூடாது என்று அதை நிறுத்தச் சொன்னார்கள், அது மார்கழி, மலைக் குளிரில் தோல் எப்படியும் வறளும், காலையில் போர்வையை உதறினால் செதில் மாவு மாதிரி கொட்டும். அப்புறம் போட்டோ. ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றி நிற்க வேண்டும். முகம் தெரியுமா, படம் யாரிடம் போகும் என்று முதலிலேயே கேளுங்கள்.

ஆத்தூர் அக்கா:
எங்க வீட்டுக்காரர் மாட்டேன் என்றுவிட்டார், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மருந்தா, வெற்று ஊசியா என்று போடுகிற டாக்டருக்கே தெரியாதாம். சரி, மருந்தே கிடைத்து உடம்பு தெளிந்தாலும் ஆய்வு முடிந்தபின் அந்த ஊசியை யார் வாங்கித் தருவது? போகிற நாளெல்லாம் கூலியும் போச்சு.

சூரமங்கலம் நர்ஸ்:
அக்கா கேட்டது நியாயம், அதை டாக்டரிடமே கேட்க வேண்டும். சில ஆய்வுகளில் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் பிற்பாடு மருந்து கொடுப்பார்கள், போக்குவரத்துச் செலவும் தருவதுண்டு, எல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு உண்டு. பிடிக்காவிட்டால் எப்போதும் விலகலாம், வழக்கமான வைத்தியம் நிற்காது. நாட்டில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்கிற சிடிஆர்ஐ என்ற அரசுத் தளத்தில் இந்த ஆய்வு இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த வகை ஊசிகளில் பலவற்றுக்கு முதலில் காசநோய் பரிசோதனை செய்வார்கள், உள்ளே பதுங்கியிருந்தால் கிளம்பக்கூடும் என்பதால்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நன்றிங்க. படிவத்தை அம்மாவுக்கே வாசித்துக் காட்டுகிறேன். ஏற்காட்டு அண்ணா, மருந்தை நிறுத்திய வாரங்களில் வேலைக்குப் போனீர்களா? பட்டறை முதலாளியிடம் இப்போதே சொல்லி வைக்கணும்.

ஏற்காட்டுக்காரர்:
போனேன், ஆனால் தோட்டத்தில் எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. உள்ளங்கையில் இருந்தால் கம்பி இழுப்பது முடியாது, லீவு கேட்டு வையுங்கள்.