லோயர் ரிசீவர் கடையில் வந்து நிற்கிறது, என்னிடம் டெக்சாஸ் ஓட்டுநர் லைசென்ஸ் இல்லை: அவசரம்

ஆஸ்டின் புதியவன்:
எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸ் வந்து ஏழு வாரம் ஆகிறது. கோவையில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். கையில் கிரீஸ் படாமல் எனக்கு ஒரு ஞாயிறும் போனதில்லை. இங்கே அபார்ட்மெண்டில் ஒரு போல்ட் முடுக்கக்கூட வழியில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் சனிக்கிழமைகளில் தன் கராஜில் ஏ.ஆர்.15 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பார். இரண்டு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன், எனக்கும் ஆசை வந்துவிட்டது. பேரல், மேல் பாகம், ஸ்பிரிங், பின் எல்லாம் ஆன்லைனில் வாங்கினேன். நேராக வீட்டுக்கே வந்தன. டிரிக்கர் பொருந்தும் கீழ்ப் பாகமான லோயர் ரிசீவரை மட்டும் துப்பாக்கிக் கடைக்குத்தான் அனுப்புவோம் என்றார்கள். இப்போது அது கடையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் படிவம் நிரப்பி எடுக்காவிட்டால் தினமும் கட்டணம். ஓட்டுநர் லைசென்ஸுக்குப் பதில் பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் காட்டினால் போதுமா? மனைவி மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

பிளேனோ பழசு:
தம்பி, முதலில் ஓட்டுநர் லைசென்ஸ் எடுங்கள். நான் 2007-இல் வந்தபோது கார் கிடையாது. மளிகைக் கடைக்கு நெடுஞ்சாலை ஓரமாக நாற்பது நிமிடம் நடந்தேன், ஆகஸ்ட் வெயிலில். இரண்டு கையிலும் பால் கேன், விரலெல்லாம் சிவந்துவிடும். லைசென்ஸ் ஆபீஸில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். கரண்ட் பில் என் பெயரில் இல்லை என்பதுதான் காரணம். இந்த ஊரில் லைசென்ஸ் இல்லாதவன் ஆளே இல்லை. அதை எடுத்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

எடிசன் அப்பா:
வீட்டில் குழந்தை இருக்கிறதா? அதைச் சொல்லவில்லையே. எங்கள் நியூஜெர்சியில் போலீஸ் கொடுக்கும் அடையாள அட்டை இல்லாமல் ரைஃபிள் வாங்கவே முடியாது. டெக்சாஸில் அது இல்லை என்பதற்காக வாங்கிவிட வேண்டுமா? இன்னொன்று, ஒரு மாநிலத்தில் 90 நாள் தங்கியிருந்தால்தான் கடையில் விற்பார்கள். உங்களுக்கு ஏழு வாரம்தானே ஆகிறது.

ஹூஸ்டன் வேட்டை:
அந்த 90 நாள் கணக்கு பழைய விதி, 2012-இல் எடுத்துவிட்டார்கள். புதியவரே, என்ன விசாவில் இருக்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஸ்கார்பரோ மாமி:
தம்பி, நான் கனடாவில் இருக்கிறன். இங்கே ஏ.ஆர்.15-ஐ 2020 மே 1-ஆம் திகதியே தடை செய்துவிட்டார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தம் கேட்டு வளர்ந்த ஆட்கள். வந்த முதல் வருசம் கனடா தினத்துக்கு வாணம் விட்டபோது என் அம்மா கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்தா. உங்களுக்கு இது பொழுதுபோக்கு, விளங்குது. உங்கட மனைவியோடு ஒருக்கால் இருந்து கதையுங்கோ. அவ ஏன் பேசவில்லை என்று கேட்டீங்களா?

ஆஸ்டின் புதியவன்:
மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன். எச்1பி, வேலை விசா. மனைவி எச்4, என்னைச் சார்ந்து வந்த விசா. குழந்தை இல்லை. மாமி, இன்று இரவு அவளிடம் பேசுகிறேன். நண்பர் இருநூறு தோட்டா கொடுத்தார், அது அலமாரியில் இருக்கிறது. அவரோடு இரண்டு முறை ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டிருக்கிறேன். அதில் ஒன்றும் சிக்கல் இல்லையே?

ஹூஸ்டன் வேட்டை:
எச்1பி என்றால் வேட்டை லைசென்ஸ் எடுங்கள், முடிந்தது. நானும் எச்1பியில் இருந்தபோது அப்படித்தான் ஷாட்கன் வாங்கினேன். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பு ஒன்று முடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

டென்வர் அக்கா:
தம்பி, நில்லுங்கள். கடைக்குப் போகாதீர்கள். நான் குடிவரவு வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் கேட்டது முகவரிச் சான்று. ஆனால் உங்களுக்கு முக்கியம் விசாதான்.

எச்1பி, எச்4, மாணவர்களின் எஃப்1 எல்லாமே நான்இமிக்ரண்ட் விசா, அதாவது நிரந்தரக் குடியுரிமை இல்லாமல் தற்காலிகமாகத் தங்குவதற்கானது. அப்படி வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது 1998-இலிருந்து கூட்டரசுச் சட்டம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. தண்டனை பதினைந்து வருடம் வரை. உங்கள் லோயர் ரிசீவரில்தான் சீரியல் எண் இருக்கிறது, சட்டத்தின் கண்ணில் அந்த ஒரு துண்டுதான் துப்பாக்கி. பேரலும் ஸ்பிரிங்கும் வீட்டுக்கே வந்ததும், இது மட்டும் கடைக்குப் போனதும் அதனால்தான். கடையில் கொடுக்கும் 4473 படிவத்தில் நான்இமிக்ரண்ட் விசாவில் வந்தவரா என்று நேராகவே கேட்கும். ஆம் என்றால் விலக்குக்கு ஆதாரம் கேட்பார்கள். இல்லை என்று எழுதினால் அந்தப் பொய்யே தனிக் குற்றம்.

ஹூஸ்டன்காரர் சொன்ன விலக்கு உண்மையில் உண்டு. இங்கே முறையாகக் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் செல்லுபடியாக இருந்தால் தடை இல்லை. ஆனால் டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-உடன் முடியும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி குற்றமாகிவிடும். இன்றைக்கு லைசென்ஸ் எடுத்தாலும் போன மாதம் ரேஞ்சில் சுட்டது சரியாகிவிடாது. வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதுதான்.

நம்ப முடியவில்லை என்றால் ரெஹைஃப் வழக்கைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து எஃப்1-இல் ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்தவர். மதிப்பெண் குறைந்து கல்லூரி நீக்கியதால் விசா அந்தஸ்து போயிற்று. அதன் பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். 18 மாதச் சிறை கொடுத்தார்கள். தன் அந்தஸ்து அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே வரை போராட எத்தனை பேரால் முடியும்?

சான் ஹோசே ராமு:
பதினொரு வருடமாக கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறேன். வரி கட்டுகிறோம், சோஷியல் செக்யூரிட்டி கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே பிறந்துவிட்டார்கள். இன்னும் நான்இமிக்ரண்ட் என்ற பெயர்தான். ஒவ்வொரு மாதமும் வரிசை எங்கே நிற்கிறது என்று சொல்லும் விசா புல்லட்டின் வரும் நாளில் வயிற்றில் புளி கரைக்கிறது. அப்பா சாகும்போது, திரும்பி வர விசா முத்திரை (ஸ்டாம்பிங்) கிடைக்காதோ என்று பயந்து ஊருக்குப் போகாமல் இருந்தவன் நான்.

பிளேனோ பழசு:
ராமு சார், நானும் அப்படித்தான். அம்மாவின் காரியத்துக்கு வீடியோவில்தான் உட்கார்ந்தேன்.

எடிசன் அப்பா:
என் மகளுக்கு 21 ஆகப்போகிறது, எச்4 முடிந்துவிடும். எங்கள் வேதனையைச் சொல்ல ஆளே இல்லை.

ரவுண்ட் ராக் கார்த்தி:
எல்லோரும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்? அந்த நண்பர் அமெரிக்கக் குடிமகன்தானே. லோயரை அவர் பெயரில் எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

டென்வர் அக்கா:
கார்த்தி, அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். தடை உள்ள ஒருவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வாங்குவது 2022-இலிருந்து தனிக் கூட்டரசுக் குற்றம். நான்இமிக்ரண்ட் என்று தெரிந்தே துப்பாக்கியோ தோட்டாவோ கொடுப்பவருக்கும் குற்றம்தான். நல்ல மனதோடு கராஜைத் திறந்துவிட்ட மனிதரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள்.

ஓசூர் பையன்:
நானும் பட்டறைப் பையன், அதனால் எழுதுகிறேன். பாதி முடித்த லோயர் கிட் வாங்கினால் படிவமே வேண்டாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தக் கிட்டுகளையும் துப்பாக்கியாகவே எண்ணும் விதி 2022-இல் வந்தது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டில் இருக்கும் பேரல், ஸ்பிரிங்கை ஊருக்குப் போகும்போது பெட்டியில் போடவும் வேண்டாம். இங்கிருந்து கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வேண்டும். நம் 1959 ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதமாகவே கணக்கிடுகிறது. பையின் அடியில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக நம்மூர் விமான நிலையங்களில் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள்.

கை பரபரக்கிறது என்றால் ஏர் ரைஃபிள் இருக்கிறது. கூட்டரசுச் சட்டத்தில் அது துப்பாக்கி ஆகாது, ஏனென்றால் அதில் வெடிமருந்து இல்லை. டிரிக்கரைச் சீராக்குவது, ஸ்டாக்கைத் தோளுக்குப் பொருத்துவது என்று வருடக்கணக்கில் வேலை இருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் ஒலிம்பிக் வரை போனார். நான் மூன்று வருடமாக அதில்தான் இருக்கிறேன், மனம் நிறைந்திருக்கிறது. வாங்குமுன் உங்கள் அபார்ட்மெண்ட் ஒப்பந்தத்தை மட்டும் ஒரு தடவை படியுங்கள்.

ஆஸ்டின் புதியவன்:
கை நடுங்குகிறது அக்கா. இப்போது நான் என்ன செய்யவேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

டென்வர் அக்கா:
பயப்படாதீர்கள். லோயர் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை, படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை, அதுதான் பெரிய விஷயம். குடிவரவும் குற்றவியலும் தெரிந்த வழக்கறிஞரை நாளைக் காலை முதலில் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரக் கட்டணம் போகட்டும். தோட்டாவைப் பற்றியும் ரேஞ்சைப் பற்றியும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள், இங்கே இனி எழுதவேண்டாம். தோட்டாவை எப்படித் திருப்பித் தருவது என்பதை அவர் சொல்வார். தபாலில் மட்டும் போடாதீர்கள், தபால் துறை தோட்டாவை எடுக்காது. அப்புறம் கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று ரத்து செய்யுங்கள். கட்டணம் கேட்டால் கட்டிவிடுங்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் கிரீன் கார்டு வைத்திருப்பவரையே நாடு கடத்தலாம், எச்1பி எம்மாத்திரம். கிரீன் கார்டு கையில் வந்த பிறகு இந்த விசாத் தடை உங்களுக்கு இருக்காது. அன்றைக்கு ஆசை இருந்தால் முறையாகச் செய்யுங்கள்.

ஆஸ்டின் புதியவன்:
வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன், அவர் சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று. கடையில் ரத்து செய்தேன், முப்பத்தைந்து டாலர் போயிற்று. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு முதல் நாளே பயமாம், கேட்டால் கோபப்படுவேன் என்று சும்மா இருந்திருக்கிறாள். மாமி, நீங்கள் கேட்டிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஓசூர்காரரே, அந்த ஏர் ரைஃபிள் விவரம் தனியாக அனுப்புங்கள். லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை. என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பிளேனோ பழசு:
பாஸ்போர்ட், ஐ94 பிரதி (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ797 (விசா ஒப்புதல் கடிதம்), சோஷியல் செக்யூரிட்டி எண், டெக்சாஸ் முகவரிக்கு இரண்டு சான்று. வாடகை ஒப்பந்தம் ஒன்று, வங்கிக் கடிதமோ கரண்ட் பில்லோ இன்னொன்று. இரண்டிலும் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதைப் போலவே இருக்கவேண்டும். லைசென்ஸ் உங்கள் ஐ94 முடியும் தேதி வரைதான் கிடைக்கும், அதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். இன்றைக்கே ஆன்லைனில் நேரம் பதிவு செய்யுங்கள், ஆஸ்டினுக்குள் கிடைக்காவிட்டால் பக்கத்துச் சின்ன ஊர்களில் தேடிப் பாருங்கள்.